பிடி என்றால் விடு

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான்காவது வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பது இந்த ஐம்பத்தைந்து வயதிலும் எனக்குச் சந்தேகம்தான். பேனா பிடித்துப் பழகாத விரல். வரிகள் ஏறியும் இறங்கியும் போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஒரே ஒரு சொல்லை மட்டும் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அது எது என்று வரும்போது சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கூரை ஓட்டுக் கம்பெனி சங்கத்திலிருந்து கோவிந்தராஜும் இன்னும் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஓடு அழுத்தும் பிரஸ் ஒன்று புதிதாக வந்து இறங்கியிருக்கிறதாம். அதில் ஆண்களோடு பெண்களையும் போடலாம் என்று இப்போதைய மானேஜர் சொல்கிறாராம். சங்கம் ஒத்துக்கொண்டால் போடுவார், எதிர்த்தால் விட்டுவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள்.

"மாமா, ரெண்டே கேள்வி. நீதான் அன்னிக்கு லிவர்ல நின்னவன். ஆமா, இல்லைன்னு சொல்லு போதும்" என்றான் கோவிந்தராஜ். "மேஸ்திரி கையை விடச் சொன்னாரா?"

நான் பேசவில்லை.

"அந்தப் பொம்பளை விட்டாளா?"

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நாங்க கேள்விப்பட்டதுதான். சொன்னதைக் கேக்காம விரலை உட்டவ. பொம்பளைங்களுக்கு மெஷின் ஆகாதுங்கறதுக்கு அதுதான் சாட்சி. நீ ஆமான்னா முடிஞ்சுபோச்சு."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. இது எல்லோருக்கும் தெரியும். முகம் சூடாகிவிடும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நான் எழுதித் தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். "மாமா எழுதப் போவுதாம்டா!" என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே இரண்டு கேள்விகளை என்னிடம் ஒருவர் கேட்டார். நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளால் நான்கு பெண்களின் பிரஸ் வேலை போயிற்று. அதனால்தான் இந்தத் தடவை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாகலூர்ப் பக்கத்து ஊர். இளவயதில் ஏரியில் களிமண் வெட்டினேன். பிறகு மண் பிசையும் மில்லில் நின்றேன். எண்ணெய் என்ஜினுக்கு எடுபிடியாக இருந்து, கடைசியில் பிரஸ்ஸின் லிவருக்கு வந்தேன். அந்த லிவரைத் தள்ளினால் பெல்ட் ஏறி பிரஸ் ஓடும். இழுத்தால் பெல்ட் விலகி நிற்கும். தள்ளுவதும் இழுப்பதும் தவிர யாரோடும் பேச வேண்டியதில்லை. என் குணத்துக்கு ஏற்ற வேலை.

அந்த பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. அதில் ஐந்து முகம் உள்ள பெரிய இரும்பு உருளை ஒன்று உண்டு. ஒவ்வொரு முகத்திலும் ஓட்டின் அடி அச்சு. முன்னால் நிற்பவர், எண்ணெய் தடவிய களிமண் பாளத்தை எடுத்து மேலே வரும் முகத்தில் வைக்க வேண்டும். உருளை ஒரு முகம் திரும்பும். மேல் அச்சு இறங்கி அழுத்தும். இன்னொரு முகம் திரும்பும்போது, பின்னால் நிற்பவர் மரச் சட்டத்தில் ஓட்டை வாங்கி, ஓரத்துப் பிசிறைச் சீவுவார். வைக்க, எடுக்க, வைக்க, எடுக்க. முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மூச்சு இருக்கும். நான் லிவரை இழுத்தாலும் உருளை உடனே நிற்காது. இன்னும் ஒரு முகம் திரும்பிவிட்டுத்தான் நிற்கும்.

பெண்கள் அதற்கு முன் பிரஸ் கொட்டகைக்குள் வந்ததே இல்லை. ஏரியிலிருந்து மண் சுமப்பார்கள். பச்சை ஓட்டைக் காய வைக்கும் கொட்டகைக்குச் சுமப்பார்கள். சூளைக்குச் சுமப்பார்கள். மொத்தத்தில், சுமப்பதெல்லாம் அவர்கள். மெஷினைத் தொடுவதெல்லாம் நாங்கள். அந்த வருடம் கேழ்வரகு அறுப்புக்கு பிரஸ் ஆட்கள் பாதிப்பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்போதிருந்த மானேஜர் மெட்ராஸ்காரர். ஓடு கேட்டுக் கடைக்காரர்கள் நச்சரிக்க, அவர் கோபத்தில் மண் சுமந்த பெண்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு பிரஸ்ஸில் நிறுத்திவிட்டார். தற்காலிகம் என்று சொன்னார். அறுப்பு முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகும் பெண்களை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அந்த நால்வரில் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருத்தி திம்மக்கா. பாகலூர்க்காரி, என்னைப்போலத் தெலுங்கு வீடு, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். இன்னொருத்தி சின்னப்பொண்ணு. ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவியிலிருந்து அண்ணனோடு மண் வேலைக்கு வந்தவள். சேரியைச் சேர்ந்தவள். தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் கொட்டகையில் கன்னடம் தெரியாமல் வேலைக்கு நின்ற முதல் ஆள் அவள்தான். இதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் வேறு.

பாளத்தில் தடவ ஒரு தகர டின்னில் எண்ணெய் வைத்திருப்போம். சின்னப்பொண்ணு வந்த இரண்டாம் நாள் அவளுக்கென்று தனியாக ஒரு துருப்பிடித்த டின் வந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மண் சுமக்கும்போது அவள் சுமந்த அதே மண்ணைத்தான் இவர்கள் பிசைந்தார்கள், அழுத்தினார்கள். அப்போது தீட்டு இல்லை. எண்ணெயில் மட்டும் வந்துவிட்டது.

திம்மக்கா அதைப் பார்த்தாள். நேராகப் போய், முழங்கை வரைக்கும் கையைச் சின்னப்பொண்ணின் டின்னில் விட்டு எடுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட அந்தப் பொது டின்னிலும் முக்கினாள்.

"இப்ப ரெண்டும் ஒண்ணு. வேணாங்கறவன் எச்சி துப்பித் தடவிக்கோ" என்றாள். "ஏண்டா, இந்த ஓடு உங்க வூட்டு மேலதானே ஏறப் போவுது? அதுக்குக் கீழதானே பொண்டாட்டி புள்ளைங்களோட தூங்குவீங்க? அப்ப எங்கே போவும் உங்க தீட்டு?"

யாரோ முணுமுணுத்தார்கள். நான் லிவரைத் தள்ளினேன். பிரஸ் சத்தத்தில் முணுமுணுப்பு அமுங்கிவிட்டது. அந்த நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

இப்போது மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேஷப்ப மேஸ்திரி மங்களூர்ப் பக்கத்துக்காரர். ஓடு செய்வதில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலாளி வரவழைத்திருந்தார். மேஸ்திரி என்றால் கெட்ட வார்த்தை பேசுகிறவர் என்றுதான் நாங்கள் பழகியிருந்தோம். இவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. வெள்ளை வேட்டி, காதில் பென்சில். பாளத்தை விரல் நுனியால் தட்டிப் பார்த்தே ஈரம் சொல்லிவிடுவார். மண் சுமக்கிறவளிடம்கூட மரியாதையாகத்தான் பேசுவார். கன்னடத்தில் மரியாதைக்குக் கடைசியில் ஒரு 'இ' சேர்ப்பார்கள். 'நோடு' என்றால் பார். 'நோடி' என்றால் பாருங்கள். அவர் எல்லோரிடமும் அந்த 'இ' போட்டே பேசுவார்.

அதனால் வந்த புதிதிலேயே ஒரு கூத்து நடந்தது. கன்னடத்தில் 'வாருங்கள்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் தமிழ்க் காதுக்குப் 'பன்னி' என்று விழும். ஏரிக்கரையில் கல்லாவி ஆட்களைப் பார்த்து இவர் கைகாட்டி, "பன்னி, பன்னி" என்று அன்பாக அழைத்திருக்கிறார். சின்னப்பொண்ணின் அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிவிட்டான். "யாரைய்யா பன்னிங்கற?" நாங்கள் ஓடிப்போய் விளக்கினோம். மேஸ்திரி இரு கையும் கூப்பினார். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்தோமே தவிர, மெஷின் பக்கத்திலும் இப்படி ஒரு சொல் இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். சின்னப்பொண்ணு முன்னால். திம்மக்கா பின்னால் ஓடு வாங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் முன்பக்கம் சின்னப்பொண்ணுக்கு அருகில் நின்று, மேஸ்திரி சொல்வதைத் தமிழில் சொல்வாள். அன்று பின்பக்கத்து ஆள் வரவில்லை என்று அங்கே போயிருந்தாள். ஒரு பாளம் அச்சில் உட்காராமல் சரிந்தது. சின்னப்பொண்ணு இடது கையால் அதைச் சரிசெய்யப் போனாள். உருளை திரும்ப ஆரம்பித்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் கை வெளியே வந்துவிட்டது.

அப்போது மேஸ்திரி பின்னாலிருந்து கத்தினார்: "பிடி! பிடி!"

அவள் கை திரும்ப உள்ளே போனது. பாளத்தை இறுக்கிப் பிடித்தாள். நான் லிவரை இழுத்தேன். ஆனால் உருளை ஒரு முகம் திரும்பிவிட்டுத்தான் நின்றது. மேல் அச்சு இறங்கிவிட்டது.

சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. நடுவிரல் பாதி. பச்சைக் களிமண் சிவப்பாகிவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

விசாரணை பன்னிரண்டு நாள் கழித்து ஆபீஸ் அறையில் நடந்தது. அந்த மானேஜரின் முறை இது: மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள் வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். கேள்வி தமிழில் கேட்பார், பதிலை இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். "கேட்டதுக்கு மட்டும் பதில். கதை வேண்டாம்." இது அவர் வாயில் அடிக்கடி வரும்.

முதலில் மேஸ்திரி. ஆபீஸில் அவர் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுவார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் விடு சொன்னது சார். ரெண்டு தடவை சொன்னது."

அடுத்து சின்னப்பொண்ணு. கையில் கட்டு, கண்கள் உள்ளே போயிருந்தன. "பிடின்னு சொன்னாருங்க. பிடிச்சேன்."

மானேஜர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, மெஷின் மேல வரும்போது எந்தப் பைத்தியக்காரனாவது பிடின்னு சொல்லுவானா? வேலை போயிடும்னு பொய் சொல்றியா?"

"சத்தியமாங்க. பிடின்னுதான் சொன்னாரு. நான் கையை எடுத்துட்டேங்க. அவரு சொன்னதுனாலதான் திரும்ப உட்டேன்."

"சரி, போதும்." என் பக்கம் திரும்பினார். "எல்லப்பா, நீ பக்கத்துல இருந்தே. மேஸ்திரி விடச் சொன்னாரா?"

"ஆமா சார்."

"அவ விட்டாளா?"

"இல்ல சார்."

"போகலாம்."

பேனா ஓடியது. முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் சின்னப்பொண்ணு என்னை நிறுத்தினாள். அழவில்லை. கோபமும் இல்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அண்ணா, அவங்கதான் அப்பிடின்னா, நீயுமா பொய் சொல்லுவ? உன் காதுல என்ன உழுந்துச்சு? பிடின்னுதான கத்தினாரு?"

"இல்லம்மா, விடுன்னுதான்..." என்று சொல்ல ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மேஸ்திரி கத்தியது என் காதில் இன்னும் இருந்தது. 'பிடி' என்றுதான் இருந்தது. கன்னடத்தில் 'பிடு' என்றால் விடு. மரியாதைக்கு 'இ' சேர்த்தால் 'பிடி'. விடுங்கள் என்று அர்த்தம். அவர்கள் அந்த 'பி'யைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். என்ஜின் சத்தத்தில் அந்த அழுத்தம் யாருக்குக் கேட்கும்? தமிழில் எழுதினால் அந்த வித்தியாசத்தைக் காட்ட எழுத்தே இல்லை. நான் திருத்தாதீர்கள் என்று சொன்ன சொல் இதுதான். இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒன்று விடச் சொல்கிறது, ஒன்று பிடிக்கச் சொல்கிறது.

சின்னப்பொண்ணு பொய் சொல்லவில்லை. மேஸ்திரியும் பொய் சொல்லவில்லை. மானேஜருக்குப் புரியட்டும் என்று அவர் தன் சொல்லைத் தமிழாக்கி 'விடு' என்றார். நானும் என் தலைக்குள் தமிழாக்கி ஆமாம் என்றேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூன்று பாஷையில் கேட்கிறோம், எந்தப் பாஷையில் கேட்டோம் என்பது நினைவில் நிற்காது. அர்த்தம் மட்டும்தான் நிற்கும். எனக்கு அர்த்தம் நின்றது. அவளுக்கு விரல் போனது.

மறுநாள் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள். கணக்கர் படித்துக் காட்டினார். பெண்கள் இயல்பிலேயே பதற்றம் உள்ளவர்கள், அபாய நேரத்தில் சொல்வதைக் கேட்டு நடக்க முடியாதவர்கள். ஆகையால் இனி பெண்கள் எவரும் மெஷின் வேலையில் வைக்கப்பட மாட்டார்கள். நான்கு பேரும் மண்கூடைக்குத் திரும்பினார்கள். சின்னப்பொண்ணால் கூடை தூக்க முடியவில்லை. அவளுக்கு மண்கூடையும் இல்லை.

"பதட்டமாம்ல!" என்றாள் திம்மக்கா. "அறுப்புக்குச் சொல்லாம ஓடிப்போனானுங்களே, அவனுங்களுக்கு என்ன பேரு?"

நான் மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். கன்னடத்தில் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பாள அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மரியாதை கொடுத்தேனே எல்லப்பா, மரியாதைதானே கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியது. மானேஜரிடம் சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். "சொன்னா தப்பு என் மேல வரும். மூணு பொண்ணு இருக்கு எனக்கு" என்றார். நல்ல மனிதர். ஆனால் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. மூன்று தடவை ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். ஒரு தடவை பியூன் "என்னய்யா?" என்றான். "ஒண்ணுமில்ல, மணி பாக்க வந்தேன்" என்றேன். மேஸ்திரி பயத்தில் வாயை மூடினார். எனக்கு என்ன பயம்? ஒன்றும் இல்லை. வெட்கம். ஒரு பெண்ணின் பிழைப்பு போகிறது, எனக்கு வெட்கம். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

சின்னப்பொண்ணின் இடத்தில் பெருமாள் என்பவனை நிறுத்தினார்கள். அவனும் கல்லாவிதான். அவனுக்கும் தமிழ் மட்டும்தான். திடகாத்திரமான ஆள். ஆண்பிள்ளை, பதற்றம் இல்லாத சாதி என்று உத்தரவே சொல்லிவிட்டதே! நான் அவனிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி இனி அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார் என்று நம்பிவிட்டேன். ஆனால் ஆபத்தில் மனிதனுக்குத் தாய்மொழிதான் வாயில் வரும். இருபது நாள்கூட ஆகவில்லை. பாளம் சரிந்தது. மேஸ்திரி கத்தினார்: "பிடி! பிடி!"

பெருமாள் பிடித்தான்.

அந்த வினாடி நான் லிவரைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் முன்னமே இழுத்துவிட்டேன். கட்டைவிரல் நகம் மட்டும் பிய்ந்தது. அவன் குதித்துக்கொண்டு கத்தினான்.

"பிடி பிடின்னுட்டு அப்புறம் அய்யோங்கறியே! யோவ் மேஸ்திரி, என்னையக் கொல்லவா பாக்கற?"

கூட்டம் கூடிவிட்டது. மானேஜரும் ஓடி வந்தார். என்ஜின் ஆள் சிரித்துக்கொண்டே விளக்கினான். "சார், கன்னடத்துல பிடின்னா விடுங்கன்னு அர்த்தம். பாவம் இவன் தமிழ்ல பிடிச்சுட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அட, கன்னடமா! இது தெரியாமப் போச்சே!" பெருமாளின் தோளைத் தட்டி, "நீ என்னப்பா பண்ணுவே, சொன்னதைத்தானே செஞ்சே" என்றார்.

மறுநாள் மேஸ்திரிக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். ஒரு ஊதல் என்றால் கையை எடு. அவ்வளவுதான். நாலு அணா விசில். எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும். முதலாளி வந்து மானேஜரின் யோசனையைப் பாராட்டினார். பெருமாளுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு. பிறகு அதே பிரஸ், அதே இடம்.

அன்றைக்குத்தான் நான் ஆபீஸுக்குள் போனேன். மானேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், சின்னப்பொண்ணுக்கும் அதே வார்த்தைதான் சார்."

"என்ன?"

"அவளும் பிடின்னுதான் கேட்டா சார். அன்னிக்கே சொன்னா சார். பொய் சொல்றான்னு நீங்க..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"அது வேற எல்லப்பா."

"எப்படி சார் வேற?"

என் வாழ்நாளில் ஒரு மேலதிகாரியை நான் எதிர்த்துக் கேட்ட ஒரே கேள்வி அது.

"பெருமாளுக்கு பாஷை புரியல. அவளுக்கு மெஷின் புரியல."

"ஒரே ஊர் சார் ரெண்டு பேரும். ஒரே காது சார். அவ கையை எடுத்துட்டா சார், நான் பாத்தேன்."

"அப்ப ஏன் அன்னிக்குச் சொல்லல?"

நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கதை வேண்டாம் என்று சொன்னீர்களே என்று சொல்லியிருக்கலாம். இவையெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றின. அங்கே நான் தலையைக் குனிந்தேன். "ஃபைல் மூடியாச்சு. போய் வேலையைப் பாரு" என்றார்.

ஒரே அச்சு, ஒரே பாளம், ஒரே சொல், ஒரே தப்பு. ஆண் செய்தபோது தப்பு பாஷை மேல் விழுந்தது. ஒரு விசிலோடு சரியாகிவிட்டது. பெண் செய்தபோது தப்பு அவள் மேல் விழுந்தது. அவளோடு நிற்கவில்லை, கம்பெனியில் இருந்த எல்லாப் பெண்கள் மேலும், இனி வரப்போகிற பெண்கள் மேலும் விழுந்தது. பெருமாளின் நகம் பிய்ந்ததால் இனிமேல் ஆண்களை மெஷினில் விடக்கூடாது என்று யாராவது பலகையில் ஒட்டினார்களா? கல்லாவிக்காரன் என்று ஒரு ஊரையாவது தள்ளி வைத்தார்களா? பெருமாள் பெருமாளாக மட்டும் தப்பு செய்தான். சின்னப்பொண்ணு மட்டும் ஏன் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்துத் தப்பு செய்ய வேண்டும்? விசில் வந்த அன்றே அந்த உத்தரவைக் கிழித்திருக்க வேண்டாமா? வெயிலில் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, நான் வேலையை விட்ட நாள் வரைக்கும் அது அங்கேயே ஒட்டியிருந்தது.

கோவிந்தராஜ், நீ கேள்விப்பட்ட கதையில் பெருமாள் இருந்தானா? இருந்திருக்க மாட்டான். சிரித்து மறந்துவிட்டார்கள். அவள் கதை மட்டும் ஏழு வருடமாக வாய்க்கு வாய் நடந்து, இன்று சாட்சி என்று என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, அவள் பெயரை அவளைக் கேட்காமல் கூட்டத்தில் படிக்க விடுவது சரியில்லை என்று நேற்றுச் சின்னப்பொண்ணைப் பார்க்கப் போனேன். ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிறாள். வலது கையால் எடுத்து, இடது கையின் மிச்சத்தால் அணைத்து, கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஏண்ணா, இதுல மேஸ்திரி இருக்காரு. மானேஜரு இருக்காரு. பெருமாளு இருக்கான். என் விரலு கூட இருக்குது. நான் எங்க?"

"எல்லாமே நீதானம்மா."

"விரலு போனவ இருக்கா. வேலை செஞ்சவ எங்க?" ஒரு கல்லை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பாவம்னு கை தூக்கினாங்கன்னு வை, அடுத்த மாசமே பாவம்னு வூட்டுக்கு அனுப்பிருவாங்க. விரலு போற வரைக்கும் மூணு மாசம் அங்க நின்னேனே. நான் எப்பிடி நின்னேன்னு நீ பாக்கலியா? உனக்குக் கண்ணு இல்லியா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சொல்வது சரி. நான் அதை எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

சின்னப்பொண்ணு பாளத்தை எடுக்கும்போதே கட்டைவிரலால் அடியில் ஒரு தடவல் தடவுவாள். உள்ளே சிறு கல் இருந்தால் அந்தத் தடவலிலேயே தெரிந்து, பிதுக்கி எறிந்துவிடுவாள். மற்றவர்கள் வைத்த பாளத்தில் கல் அச்சைக் கீறும்; அவள் வைத்ததில் கீறியதில்லை. பாளத்தின் இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் அச்சில் உட்கார வைப்பாள். மற்றவர்கள் ஒரு மூலையை வைத்து அடுத்த மூலையைத் தள்ளுவார்கள். அவள் முன்னால் நின்ற நாட்களில் பின்னால் ஓடு வாங்குகிறவர்களுக்குச் சீவ வேண்டிய பிசிறே குறைவு. நான் அந்த லிவரில் நின்ற காலத்தில் எத்தனையோ பேர் அந்த இடத்தில் நின்றார்கள். அவளைவிட நன்றாக அந்த வேலையைச் செய்தவர் ஒருவரும் இல்லை. இதை யாரும் கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.

5-9-1959, சனிக்கிழமை.